அண்ணன் கொடுத்த கார்

என் கணவர் பெத்ரித் ஒரு மிருக வைத்தியர். எங்கள் தலைநகர் திரானாவைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் ஆடுகள்தான் அதிகம் என்பதால், எங்கள் காரில் ஏறுகிறவர்கள் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள், அப்புறம்தான் பெல்ட்டை மாட்டுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு வாசனை ஒரு பெரிய விஷயமா?

ஆனால் போன வருஷம் தெர்மியில் நடந்தது பெத்ரித்தின் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு சனி ஞாயிறு எங்கள் குடும்பம் தெர்மிக் கடற்கரையில் கூடும். அங்கே பொலிக்சேனி சித்திக்கு ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. பெத்ரித்தின் அண்ணன் லுவான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து மனைவி ருதினாவோடு வருவார். வருகிறவர் சும்மா வரமாட்டார். கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்பு மெர்சிடிஸில் வருவார். "ஜெர்மனில ஒண்ணு, இங்க ஒண்ணு" என்பார். இங்கே இருப்பது வருஷம் பூராவும் துர்ரஸில் ஒரு ஷெட்டில் தூங்குகிறதாம், அதற்கென்று காவல்காரன் இருக்கிறானாம்.

போன வருஷம் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுக்கும்போது லுவான், "பெத்ரித், அந்த ஆட்டுவண்டியைக் கொஞ்சம் சமையல்கட்டுக்குப் பின்னாடி விடேன், போட்டோல விழுது" என்றார். பெத்ரித் கொண்டுபோய் விட்டார். அவர் திரும்பி வந்ததும் லுவான், "கையோட என் வண்டியை ஒரு கழுவு கழுவிடேன்டா, உப்புக் காத்து" என்றார். தம்பி அதையும் செய்தார். லுவான் என்னைக் கடற்கரையிலிருந்து ஹோட்டலுக்கு ஏற்றிக்கொண்டு வந்தபோது, "தோல் சீட்டு, லிண்டா, ஈரம் படக்கூடாது" என்று ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன்மேல் உட்காரச் சொன்னார். என் கணவர் பொறுமைசாலி. நான் அப்படி இல்லை. வழியெல்லாம் மென்றுகொண்டு வந்த ஆரஞ்சு சூயிங்கத்தை எடுத்து சீட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

இந்த வருஷம் பெத்ரித்தே ஆரம்பித்தார். "லிண்டா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாமளும் நல்ல வண்டில போய் இறங்குவோம். வாடகைக்குத்தான். அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலையில் விமான நிலையத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் கோச்சோவின் கார் கொட்டகைக்குப் போனோம். கோச்சோ தொப்பை சரிய, கையில் பாதி கடித்த பைரெக் ரொட்டியோடு வந்தார். பாலாடைக்கட்டி அவர் சட்டையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"மொதல்ல இதைப் பாருங்க டாக்டர்" என்று ஒரு சிவப்புக் காரைக் காட்டினார். அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

பெத்ரித் உள்ளே போய்விட்டார். வெளியே வரத்தான் முடியவில்லை.

"இது காரா, குளிக்கிற தொட்டியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இடது காலை மொதல்ல வெளிய போடுங்க டாக்டர். அது வலது கால். இடது, இடது!"

ஆட்டுக்குட்டி பிறக்கும்போது அவர் என்ன செய்வாரோ அதையே நாங்கள் அவருக்குச் செய்தோம். கோச்சோ தோளைப் பிடித்தார், நான் காலைப் பிடித்தேன். வெளியே விழுந்தவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "சித்தி ஹோட்டல் வாசல்ல எல்லாரும் பாக்க இப்படியா எறங்கறது?" என்றார்.

அடுத்தது மேல்கூரை இல்லாத வெள்ளைக் கார். எனக்குப் பிடித்திருந்தது. பெத்ரித் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மூடி இருக்கற வண்டியைவிட மூடி இல்லாததுக்கு வாடகை ஜாஸ்தியா?"

"காத்து வரும் டாக்டர்."

"எங்க வண்டியில ஜன்னலை ஏத்தவே முடியாது. அதுலயும்தான் காத்து வருது. யாராவது காசு குடுக்கறாங்களா?"

அலமாரி மாதிரி உயரமாக நின்ற ஒரு ஜீப்பைக் கோச்சோ காட்டினார். அதில் ஏற நான் பாவாடையைத் தூக்கிக் கட்டவேண்டியிருந்தது. அது வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சுவரோரமாக ஒரு நீளமான வெள்ளைக் கல்யாண வண்டி நின்றது. ரயில் பெட்டி நீளம், பானெட்டில் பிளாஸ்டிக் ரோஜாக்கள். அதன் பக்கம் கோச்சோ எங்களைக் கூட்டிப்போகவே இல்லை.

அதைத் தாண்டி மூலையில் ஒரு கறுப்பு மெர்சிடிஸ், குளித்து முடித்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இதுல பின்னாடி உக்காந்து பாருங்க மேடம். வீட்டு சோபா தோத்துப்போகும்."

உட்கார்ந்தேன். ஏற்கனவே எப்போதோ உட்கார்ந்த இடம் மாதிரி இருந்தது. என் கை தானாகவே சீட்டுக்கு அடியில் போனது. விரலில் ஏதோ கூழாங்கல் மாதிரி தட்டுப்பட்டது. நகத்தால் பெயர்த்து எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம். என் பல் தடம்கூட அப்படியே இருந்தது.

"பெத்ரித்" என்றேன், "கொஞ்சம் பின்னாடி போய் நம்பரைப் பாருங்க."

போனார். குனிந்தார். நிமிரவே இல்லை. எட்டிப் பார்த்தால், கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த நம்பரை நான் சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்கேன் லிண்டா" என்றார். "பழைய பல்துலக்கியால. எழுத்து எழுத்தா."

நான் கோச்சோவிடம் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். "இந்த வண்டியை யாரு அதிகமா எடுப்பாங்க?"

"ஜெர்மனிக்காரர் ஒருத்தர் வருவார் மேடம். நம்ம ஆளுதான், அங்க இருக்கார். மூணு வருஷமா ஆகஸ்ட்ல இதேதான். நாளைக்குக் காலைல வந்து நிப்பார் பாருங்க."

"சொல்லி வச்சிருக்காரா?"

கோச்சோவுக்கு முகம் சுருங்கியது. "அதான் கிடையாது. முன்னாடியே ஒரு ஃபோன் போடுங்க சார்னு நானும் தலைபாடா அடிச்சிக்கிறேன். 'கோச்சோ, அது என் வண்டி மாதிரி, யாரு எடுக்கப்போறா' ம்பார். திருப்பி விடும்போது உள்ள பாதி கடற்கரை கிடக்கும். கேட்டா, மணல் நல்லதும்பார்."

"நாங்க எடுத்துக்கிட்டா அவருக்கு வேற வண்டி இருக்கா?"

"சிவப்பு, வெள்ளை, ஜீப்பு எல்லாம் நாளைக்குப் போகுது." கோச்சோ சுவர்ப்பக்கம் பார்த்தார். ரோஜாக்களைப் பார்த்தார். அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு முளைத்து, பைரெக் துணுக்குகளோடு மேலே ஏறியது. "அது ஒண்ணுதான் மிச்சம்."

"இதையே குடுத்துடுங்க" என்றார் பெத்ரித், வாளியிலிருந்து எழுந்து.

தெர்மி போய்ச் சேரும்வரை அவர் அதிகம் பேசவில்லை. நான் பேசினேன். சித்தி வீட்டு ஆட்களின் முன்னால் எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, சூயிங்கத்தை எப்போது எடுத்துக் காட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அதைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். வ்லோராவில் காபிக்கு நின்றபோது, காரைப் பார்த்ததுமே, கேட்காமலேயே தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். பெத்ரித் அந்த எலுமிச்சையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தியின் ஹோட்டல் வாசலில் வண்டி நின்றதும் எல்லோரும் ஓடிவந்தார்கள். சித்தி, அவர் மகன் அஸ்திரித், அவன் கட்டிக்கப்போகிற பெண், மாமாக்கள், பிள்ளைகள்.

"இது லுவான் வண்டியாச்சே!" என்றான் அஸ்திரித். "அண்ணன் எங்க?"

நான் கைப்பையைத் திறந்தேன். வாயையும் திறந்தேன். அதற்குள் பெத்ரித் முந்திக்கொண்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டுக்காரனிடம்கூட, "இது பிழைக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்.

"அண்ணன்தான் குடுத்தாரு" என்றார். "'நீ எடுத்துட்டுப் போடா தம்பி, நான் வேற எதுலயாவது வந்துக்கறேன்'னு சொல்லிட்டாரு."

சித்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நம்ம லுவானா? தன் சீட்டுல ஒரு ஈ உக்கார விடமாட்டானே! மனுஷன் மாறிட்டான் பாரு. வயசாக ஆகத்தான் மனசு விரியுது."

அறைக்குள் போனதும் நான் பெத்ரித்தைப் பிடித்துக்கொண்டேன். "என்னய்யா இது? ஒத்திகை எல்லாம் வீணா?"

"நீ சொல்றதை அவங்க ரெண்டு நாள் பேசுவாங்க லிண்டா. நான் சொன்னதுக்கு அண்ணன் ரெண்டு வருஷம் முழிக்கணும்."

ஆட்டு வைத்தியருக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் நாங்கள் மொட்டைமாடியில் மீன் தின்றுகொண்டிருந்தபோது அஸ்திரித்தான் முதலில் பார்த்தான். மேல் சாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற பாதையில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிற கொண்டை ஊசி வளைவுகளில், நீளமாக வெள்ளையாக ஒன்று வந்துகொண்டிருந்தது.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் சித்தி.

"அந்த வண்டி திரும்பாது. மாட்டிக்கும் பாருங்க" என்றான் அஸ்திரித். எல்லோரும் முள்ளை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு பார்த்தோம். வண்டி வெளியோரம் ஒதுங்கி, மூக்கைப் பள்ளத்தின் மேல் நீட்டி, ஒரே மூச்சில் வளைந்து கீழே வந்தது. பின்னால் எடுக்கவே இல்லை. அடுத்த வளைவிலும் அப்படியே. கீழே வந்து வாசலில் நின்றது.

லுவான் இறங்கினார். ரோஜாக்களை முடிந்தவரை பிய்த்துப் போட்டிருந்தார். ஆனால் பசை போகவில்லை. பின் கதவைத் திறந்துகொண்டு ருதினா அக்கா ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியவர் மாதிரி நடந்து வந்தார்.

"எல்லாரும் சிரிக்காதீங்க" என்று ஆரம்பித்தார் லுவான். "என் வண்டி துர்ரஸ்ல ஷெட்லதான் இருக்கு. நேத்து எடுக்கப் போனா, காவல்காரன் சாவியை..."

அப்போதுதான் ஹோட்டல் வாசலில் நின்ற கறுப்பு மெர்சிடிஸைப் பார்த்தார். அதன்மேல் சாய்ந்து நின்ற பெத்ரித்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன்.

சித்தி போய் அவரைக் கட்டிக்கொண்டார். "கண்ணு, தம்பிக்கு வண்டியைக் குடுத்துட்டு நீ இந்தப் பாடைல வந்திருக்கியேடா! சொல்லிக்கக்கூட மாட்டேங்கற. ஷெட்டுங்கற, சாவிங்கற!"

லுவான் சித்தியின் தோளுக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார். தம்பி வெகு பணிவாக, "வாங்கண்ணே" என்றார்.

"தம்பிதானே" என்றார் லுவான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "குடுத்தா என்ன."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். அஸ்திரித் உடனே, "அண்ணே, செப்டம்பர்ல என் கல்யாணம். நீங்க ஜெர்மனில இருப்பீங்க. வண்டி சும்மாதானே நிக்கும்?" என்றான். மாமா ஒருவர் அக்டோபரில் இடுப்புக்கு வைத்தியம் பார்க்க திரானா போகவேண்டியிருந்தது. சித்திக்கு வ்லோராவில் பல் டாக்டர். லுவான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழுத்து கொஞ்சம் உள்ளே போனது.

சாயங்காலம் கடற்கரையில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த அவரை, நான் ஹோட்டலுக்கு ஏற்றிக்கொண்டேன். பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, "தோல் சீட்டு அத்தான்" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பை மட்டும் சரசரவென்று பேசியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கரையில் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது லுவான் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"கோச்சோ சொன்னானா?"

"இல்ல. சூயிங்கம் சொல்லிச்சு."

அது அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. "எல்லார் முன்னாடியும் நீ போட்டு ஒடச்சிருவேன்னு நெனச்சேன் லிண்டா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். உங்க தம்பி கெடுத்துட்டார்."

ஒரு அலை வந்து எங்கள் இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

"மூணு வருஷம் முந்தி ஏர்போர்ட்டுக்கு அஸ்திரித் வந்தான்" என்றார். "'அண்ணே, எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கல. 'அண்ணே, வண்டி எங்க'ன்னு கேட்டான். அங்கேயே எதிர்ல கோச்சோ போர்டு தெரிஞ்சுது. 'வருது, வருது, நீ போ'ன்னு சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"சரி. தம்பியை வண்டி கழுவ விட்டீங்களே, அதுவும் கோச்சோ போர்டுல எழுதியிருந்துச்சா?"

அவர் முகம் சிவந்தது. "அது என் கொழுப்பு" என்றார்.

இதற்குமேல் அவரைக் காய்ச்ச எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் வந்தது, ஆனால் காலை உணவுக்கு நேரமாகிவிட்டது. "வித்துட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன். "கோச்சோவுக்கு வித்தாச்சு, வேணுங்கறவங்க அங்க போய் வாடகைக்கு எடுத்துக்கலாம்னு. பாதி உண்மைதானே. வண்டி அங்கதானே இருக்கு."

மத்தியானச் சாப்பாட்டில் லுவான் கோப்பையைக் கரண்டியால் தட்டிக்கொண்டு எழுந்தார். சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். அந்தக் கறுப்பு வண்டியைக் கோச்சோ என்பவருக்கு விற்றாயிற்று, இதுதான் கடைசிப் பயணம். மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். சித்தி, பேருந்தில் பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னார். அஸ்திரித் மட்டும் சிரித்தான்.

"எனக்குக் கறுப்பு வேணாம்ணே. இவளுக்கு அந்த வெள்ளை வண்டிதான் பிடிச்சிருக்கு. நேத்துலேர்ந்து அதுக்குள்ளயேதான் உக்காந்திருக்கா. ஆனா ஓட்ட ஆள் கிடைக்குமா? நீங்க ஓட்டினதை மாடிலேர்ந்து பாத்தோம். அந்த வளைவுல எங்க ஊர் லாரிக்காரனே ரெண்டு தடவை பின்னாடி எடுப்பான். நீங்க எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

எல்லோரும் லுவானைப் பார்த்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் அவர் 'போக்குவரத்து நிர்வாகத்தில்' இருப்பதாகத்தான் இத்தனை வருஷமும் எங்களுக்குத் தெரியும். ருதினா அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். லுவான் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"பஸ் ஓட்டறேன்" என்றார்.

மாமா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

"டவுன் பஸ்ஸு. நீளமானது. நடுவுல மடிப்பு இருக்கும். திரும்பறப்போ முன்பாதி ஒரு தெருவுல, பின்பாதி இன்னொரு தெருவுல போகும்."

"ரெண்டா மடியுமா?" என்றார் சித்தி.

"மடியும் சித்தி."

"மடிஞ்சா உள்ள இருக்கறவங்க நசுங்க மாட்டாங்களா?"

லுவானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மீன் தட்டுகளைச் சேர்த்து வைத்து, ரொட்டிக்கூடைதான் தெருமுனை என்று வைத்துக்கொண்டு, எப்படித் திருப்புவது என்று காட்ட ஆரம்பித்தார். சக்கரம் எங்கே வரும், எப்போது பொறுத்திருக்கவேண்டும், சைக்கிள்காரன் குறுக்கே வந்தால் என்ன என்று. உப்பு டப்பாதான் சைக்கிள்காரன். மாமா இடுப்பை மறந்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். மூன்று வருஷமாக மெர்சிடிஸைப் பற்றி அவர் பேசியபோது ஒருத்தர்கூட இப்படி வாயைப் பிளந்து கேட்டதில்லை. கடைசியில் சித்தி தன் தட்டையும் கொடுத்து, "மூணா மடிஞ்சா எப்படி, அதைக் காட்டு" என்றார்.

கல்யாணத்துக்கு அவர்தான் வந்து ஓட்டவேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

கிளம்பும்போது பெத்ரித் கறுப்பு வண்டியின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீயும் அண்ணியும் இதுல வாங்க" என்றார். அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, எனக்கு அந்தப் பாடைல எடம் இருக்கா?" என்று கேட்டார்.

"படுத்துட்டே வரலாம்டா" என்றார் லுவான்.

லொகாரா மலை ஏறும்போது நாங்கள் பின்னாலேயே போனோம். ருதினா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "லிண்டா, எனக்கு இப்பத்தான் மூச்சு விட முடியுது. வருஷா வருஷம் எவனாவது நம்பரைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவானோன்னு எனக்கு ஒரு வாய் மீன்கூட எறங்காது" என்றார். சொல்லிவிட்டு, சித்தி கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து மீன் தின்ன ஆரம்பித்தார்.

முன்னால் அந்த வெள்ளை வண்டி வளைவு வளைவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உச்சியில் ஆட்டுக்கறி சுடுகிற கடைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்ததும் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து எழுந்து கைதட்டினார்கள். நின்றிருந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. எதிரே வந்த, சரந்தாவுக்குப் போகிற பஸ்காரன் ஓரம் ஒதுங்கி, தலைக்குமேல் கையைத் தூக்கி லுவானுக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

பின் ஜன்னல் மெல்ல இறங்கியது. அதிலிருந்து என் கணவரின் கை வெளியே வந்து, மணப்பெண் மாதிரி அடக்கமாக, மணிக்கட்டை மட்டும் திருப்பித் திருப்பி ஆட்டியது. நானும் ஹாரனில் கை வைத்தேன். மலை இறங்கும்வரை எடுக்கவில்லை.